மொட்டைக் காரின் முதல் சாவி

2003-ம் வருடம், திண்டுக்கல் நாகல் நகரில், எங்கள் வீட்டுக் கொல்லையில் தொடங்கிய கதை இது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருந்தேன். நாலைந்து இடங்களுக்கு வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, பதிலுக்காக வீட்டில் காத்திருந்தேன். கையில் சான்றிதழ் இருந்தது, மனசில் பொறாமை இருந்தது. இரண்டாவதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அப்பா பூட்டுச் செய்பவர். வீட்டின் முன்னறைதான் அவருக்குப் பட்டறை. தோல் பதனிடும் ஷாப் நடத்தும் பாய் ஒருவர் தன் குடோனுக்கு எப்போதும் அப்பாவிடம்தான் பூட்டு வாங்குவார். அவருடைய ஷெட்டில், அம்பாசிடருக்கு முந்தைய காலத்து லேண்ட்மாஸ்டர் கார் ஒன்று நின்றது. அவருடைய அப்பா ஓட்டியது. டயர்கள் மண்ணோடு ஒட்டிப்போய், பின் சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்தன. பூட்டு மாட்டப் போன என் அண்ணன் அந்தக் காரையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறான்.

"புடிச்சிருந்தா இழுத்துட்டுப் போப்பா, எடத்த அடச்சுக்கிட்டுக் கெடக்கு. கோழிய மட்டும் எறக்கி விட்டுரு" என்று பாய் சொல்லிவிட்டார். டிராக்டரில் கட்டி இழுத்து வந்து கொல்லையில் நிறுத்தினார்கள்.

அண்ணன் படித்தது பி.காம். டிப்ளமோ தங்கையான எனக்கு, கார் அவனுக்கு. என் பொறாமைப் பட்டியலில் முதல் வரி இதுதான்.

பழைய பேப்பர் கடையில் ஏதோ வெளிநாட்டுப் பத்திரிகையிலிருந்து கிழித்த ஒரு பக்கத்தை அண்ணன் வெகுநாளாகப் பர்சில் வைத்திருந்தான். அதில் ஒரு பழங்காலக் கார். கூரை இல்லை, மட்கார்டு இல்லை, எஞ்சின் வெளியே தெரிகிறது, உடம்பு தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருக்கிறது. பழைய காரை இப்படி வெட்டிக் குறைத்துத் தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்வதற்கு அந்த ஊரில் ஹாட் ராட் என்று பெயராம்.

"நம்ம வண்டியையும் இப்படி ஆக்கிருவோம்" என்றான்.

எங்களிடம் இருந்தவை: ஒரு வைஸ், விதவிதமான அரங்கள், கையால் சுற்றும் டிரில், ஹேக்ஸா, இரண்டு சுத்தியல், ஒரு ஸ்பேனர் செட். இல்லாதவை: மற்ற எல்லாம். வெல்டிங் தேவைப்பட்டால் பக்கத்துத் தெரு லேத் பட்டறைக்காரர் தன் செட்டைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவருவார். எஞ்சினைத் தூக்குவதற்கு, கிணற்றில் மோட்டார் இறக்குபவர்களிடம் மூன்று கம்பமும் செயின் பிளாக்கும் இரவல் வாங்கினோம்.

கார் வந்த அன்றைக்கே அண்ணன் ஹேக்ஸாவோடு கூரையை அறுக்க மேலே ஏறிவிட்டான்.

"எறங்கு" என்றேன்.

"ஏன்?"

லாரிக்கு இருப்பதுபோல அந்தக் காருக்கு அடியில் தனி இரும்புச் சட்டம் கிடையாது. உடம்புதான் சட்டம். கூரையை எடுத்தால் நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் எந்தக் கதவும் மூடாது. இனிப்பு வாங்கிய அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து, மேல்பக்கத்தை வெட்டி, இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிக் காட்டினேன். பெட்டி கோணிக்கொண்டது.

"படிச்ச திமிரு" என்று சொல்லிக்கொண்டே இறங்கினான். அதன் பிறகு என்னைக் கேட்காமல் எதையும் அறுக்கவில்லை.

கதவுகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக இரும்புக் குழாய், நடுவில் குறுக்குச் சட்டம் என்று வரைந்து கொடுத்தேன். அதையெல்லாம் வைத்து வெல்டிங் செய்து முடித்த பிறகுதான் கூரையில் ஹேக்ஸாவை வைத்தோம். ஆளுக்கு ஒரு தூணாக அறுத்தோம். பிளேடு உடைந்துகொண்டே இருந்தது. கூரை இறங்கிய மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்த அக்கா கொல்லையை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னப்பு, காரு பழனிக்குப் போயிட்டு வந்துச்சா?" என்று கேட்டார். அன்றிலிருந்து தெருவுக்கே அது மொட்டைக் கார்.

பழனி என்றதும் அடுத்த ஆளைச் சொல்லிவிடுகிறேன். அத்தை மகள். பழனியில் அவர்களுக்கு ஒரு சின்ன லாட்ஜ். என் வயதுதான். கார் வந்த விஷயம் தெரிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சாமிர்த டப்பாவோடு பஸ் ஏறி வர ஆரம்பித்தாள். அண்ணனுக்கு முறைப்பெண் என்பதால் அவள் வந்தாலே வீட்டில் எல்லோருக்கும் ஒரு சிரிப்பு. கொல்லையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

"ஏனுங்க மச்சான், மேல ஒண்ணுமே இல்லீங்களே. மழ வந்தா?"

"நனைய வேண்டியதுதான்."

"அப்பக் குடையும் சேத்து வெல்டிங் பண்ணிருங்க."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அதை நான் சொல்லியிருந்தால் ஸ்பேனர் பறந்து வந்திருக்கும்.

பட்டியல் நீண்டது. அவளுக்கு லைசென்ஸ் இருந்தது. மாமா தன் வேனிலேயே ஓட்டப் பழக்கியிருந்தார். எங்கள் வீட்டில் எனக்குச் சைக்கிளுக்கு மேல் அனுமதி இல்லை. கிளட்ச் எப்படி வேலை செய்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு படம் வரைவேன், ஓடும் வண்டியில் ஒருமுறைகூட அதை மிதித்ததில்லை. அவளிடம் குதிகால் உயர்ந்த, அடி அகலமான செருப்பு ஒன்று இருந்தது. அதைப் போட்டு நடக்கும்போது ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொள்வான். என் கை இரண்டும் முழங்கை வரை கிரீஸ்.

"மதினி, முடி கண்ணுல விழுவுதுங்க. ஒதுக்கி விடட்டா?" என்று ஒருநாள் கிட்டே வந்தாள். தலையைத் திருப்பிக்கொண்டேன். நல்ல பெண்தான். அதுவும் எரிச்சலாக இருந்தது.

எங்கள் வீட்டுத் தொழில் வழக்கம் ஒன்றை இங்கே சொன்னால்தான் மற்றது புரியும். பூட்டை யார் செய்து முடித்தாரோ அவர் அதை முதலில் திறக்க மாட்டார். செய்தவர் கைக்கு அதன் உள்விவகாரம் தெரியும். எங்கே லேசாக அழுத்த வேண்டும், எங்கே கொஞ்சம் இழுத்துப் பிடிக்க வேண்டும் என்று அது தன்னால் செய்து திறந்துவிடும். இன்னொரு கை திறந்தால்தான் குறை தெரியும். அதனால் பூட்டு முடிந்ததும் அப்பா சாவியை வீட்டில் யாரிடமாவது நீட்டுவார். விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த யாராவது நான்தான். பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை இறக்குவதற்கு முன் ஒரு சாவி என் கைக்கு வரும். திருப்புவேன், உள்ளே ஒரு சத்தம் கேட்கும், அப்பா தலையாட்டுவார். அந்த உரிமையை அண்ணனுக்குக்கூட நான் விட்டுக் கொடுத்ததில்லை.

காரின் பழைய சாவித் துவாரம் துருப்பிடித்துப் போயிருந்தது. எனவே அண்ணன் தானே ஒரு பூட்டைச் செய்து டாஷ்போர்டில் பொருத்தினான். வீட்டுக் கதவுக்குப் போடுவதுபோல பருத்த பித்தளைச் சாவி. அதைத் திருப்பினால் உள்ளே மின்சாரத்தைச் சேர்க்கும் தகடு தொட வேண்டும். அந்தத் தகட்டை வெட்டி, அராவி, பொருத்தியது நான். சாவி ஒன்றே ஒன்று. எஞ்சினை வெளியே கட்டையில் ஏற்றி வைத்து, ஒயர் கொடுத்து ஓட்டிப் பார்த்திருந்தோம். பிரேக்கைச் சோதிக்க அண்ணன் காரைத் தள்ளுவான், நான் உள்ளே உட்கார்ந்து மிதிப்பேன். ஆனால் அந்தச் சாவியால் காரை யாரும் கிளப்பியதில்லை. ஆயுத பூஜை அன்று கிளப்புவது என்று முடிவானது.

யார் கிளப்புவது என்று யாரும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஓட்டத்தான் எனக்குத் தெரியாது. சாவியைத் திருப்பி, ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்திக் கிளப்பிவிட்டு இறங்கிவிடுவேன், அப்புறம் அண்ணன் ஓட்டட்டும். இதைப் பலமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருந்தேன். என்ன சுடிதார் போடுவது என்பது வரை.

பூஜை அன்று பட்டறை மேசையில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். நான் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது, அண்ணனின் அரங்களுக்கு நடுவில் அம்மா என்னுடைய டிராயிங் பாக்ஸையும் துடைத்து வைத்திருந்தார். படிப்புச் சாமான், சரஸ்வதி பூஜைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டேன். வாசலில் மொட்டைக் கார் மாலையோடு நின்றது. கறுப்பு பெயிண்ட், தாழ்ந்த உடம்பு, மூடியில்லாத எஞ்சின். எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த காலி மைதானம் வரைதான் ஓட்டுவதாகத் திட்டம். தெருவே கூடியிருந்தது. அத்தை குடும்பமும் வந்திருந்தது.

அண்ணன் தட்டிலிருந்து சாவியை எடுத்தான். நான் ஒரு எட்டு முன்னால் வந்து கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டிப் போய் அத்தை மகள் கையில் கொடுத்தான்.

"நீயே எடு" என்றான்.

"நானுங்களா?" என்றாள் அவள். யாரோ விசிலடித்தார்கள். மாமா ஒருவர், "சாவியக் குடுத்தாச்சு, இனிமே வீட்டையும் குடுத்துர வேண்டியதுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல், கார் மாலையில் ஒரு பூவைச் சரிசெய்தேன். பிறகு அடுப்படிக்குப் போய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவினேன்.

அங்கிருந்து கேட்டேன். முதல் தடவை எஞ்சின் முனகி நின்றது. அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. தெருவே கைதட்டியது. நான் அராவிய தகடு தொட்டுவிட்டது என்ற சந்தோஷமும், அதைத் தொட வைத்த விரல்கள் என்னுடையவை இல்லை என்ற எரிச்சலும் சேர்ந்தே வந்தன. கார் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்வது சத்தத்திலேயே தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் எஞ்சின் திடீரென்று உறுமியது. ஒரு கத்தல். அப்புறம் சத்தமே இல்லை.

ஓடினேன். தெருமுனையில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணல் குவியலில் முன்சக்கரம் இரண்டும் ஏறி, கார் நின்றிருந்தது. யாருக்கும் அடியில்லை. முதலில் காரைப் பார்த்தேன், அப்புறம்தான் அவளைப் பார்த்தேன். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"பிரேக்குதானுங்க மதினி மிதிச்சேன். நிக்காம அது மேல மேல போவுது."

குனிந்து பார்த்தேன். சீட்டைத் தாழ்த்தியபோது மிதிகளையும் வளைத்து நெருக்கி வைத்திருந்தோம். அவளுடைய அகலமான செருப்பு பிரேக்கோடு ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து அமுக்கியிருந்தது. நானும் அண்ணனும் எத்தனையோ தடவை அதை மிதித்திருக்கிறோம், எல்லாம் வெறுங்காலோடு. கொல்லையில் யார் செருப்புப் போட்டு வேலை செய்கிறார்கள்?

மணலிலிருந்து பின்னால் தள்ளிக் கொல்லைக்குக் கொண்டுவந்தோம். நான் டாஷ்போர்டுக்கு அடியில் மல்லாக்கப் படுத்து, பிரேக் மிதியின் ஓரத்தை ஹேக்ஸாவால் அறுத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் விளக்குப் பிடித்தான். முகம் தெரியாத இடத்தில் கேட்பது சுலபமாக இருந்தது.

"ஏன் அவகிட்ட குடுத்த?"

"எத?"

"சாவிய. நா கைய நீட்டிக்கிட்டுத்தான நின்னேன்."

"நீ எப்படித் தெறப்ப?"

"ஏன், தெறந்தா என்ன?"

"கிறுக்கி. செஞ்ச கை தெறக்கக் கூடாதுல்ல" என்றான். ஸ்பேனர் அளவு சொல்கிற அதே குரல். "அவளுக்கு இந்த வண்டியப் பத்தி ஒரு எழவும் தெரியாது. அதான் குடுத்தேன். பாரு, மிதி தப்புன்னு மொத தடவையே கண்டுபிடிச்சிட்டா. அவகிட்ட இதச் சொல்லிராத."

"கேட்டுச்சுங்க மச்சான்" என்று காரின் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

நான் அறுப்பதை நிறுத்தவில்லை. இரும்புத்தூள் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது, கண்ணை மூடிக்கொள்ள அது வசதியாக இருந்தது. இத்தனை மாதமாக நான் முதல் சாவிக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அவனோ, கூரையிலிருந்து இறங்கிய அன்றே என்னைச் செய்கிறவர்கள் பக்கம் சேர்த்துவிட்டான். அது அவனுக்குச் சொல்லத் தேவையில்லாத விஷயமாக இருந்திருக்கிறது. டிராயிங் பாக்ஸை அரங்களுக்கு நடுவில் வைத்த அம்மாவுக்கும் அப்படித்தான்.

அதோடு பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய். அத்தை மகள் இப்போது எனக்கு அண்ணி. மொட்டைக் காரின் பித்தளைச் சாவி அவளுடைய சாவிக்கொத்தில்தான் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கை லேசாகக் குறுகுறுக்கும்.

நான் இப்போது ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு மிஷினைக் கழற்றிச் சரிசெய்து முடித்ததும், அதில் வேலை செய்யும் பெண்ணைக் கூப்பிட்டு, "நீங்க போடுங்கக்கா" என்று சுவிட்சைக் காட்டிவிட்டு ஒரு எட்டு பின்னால் நகர்ந்துகொள்வேன். நகரும்போது இன்றும் உள்ளே கொஞ்சம் எரியும், அந்த எரிச்சல் வந்தால்தான் அது என் கை செய்த வேலை என்று எனக்கே நிச்சயமாகத் தெரிகிறது.