ஆழ்வார்குறிச்சிக்குப் போன நன்னாரிக் கன்றுகள்

தொண்ணூற்றாறு ஆடியில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு, திருநெல்வேலிச் சந்திப்பில் ஆழ்வார்குறிச்சி பஸ் ஏறினோம். ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரம். நான் சென்னையில் வங்கி வேலை பார்ப்பவள். விடுமுறைக்கு அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். உடன் வந்த கோமதி மதினி, பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் தாவர ஆராய்ச்சி செய்கிறாள். அவள் மடியில் ஓர் அட்டைப்பெட்டி. அதற்குள் ஆறு ஜாம் பாட்டில்கள், ஒவ்வொன்றிலும் விரல் நீள நன்னாரிக் கன்றுகள்.

நன்னாரிக்கு வேர்தான் மருந்து. வேரைத் தோண்டினால் கொடி போய்விடும். அதனால் மலையடிவாரத்தில் அது அரிதாகிக்கொண்டே வந்தது. மதினி ஒரு கணுவை வெட்டி, கிருமி நீக்கி, ஜெல்லி போன்ற சத்துக்கூழில் நட்டு வளர்த்தாள். ஒரு ஹார்மோன் சேர்த்ததும் தளிர் தளிராக வெடித்தது. வேர் மட்டும் வரவில்லை. இன்னொரு ஹார்மோனைக் கூட்டியும் குறைத்தும் ஒரு வருஷத்துக்கு மேல் போராடிய பிறகு, இந்த ஆறு பாட்டில்களில்தான் வேர் விட்டது. அவை முதன்முறையாக மண்ணுக்குப் போகின்றன. மதினியின் சித்தப்பா தோட்டத்தில் நிழல் பந்தல் தயாராக இருந்தது.

பேட்டை தாண்டுமுன்பே பஸ்ஸில் நிற்க இடமில்லை. குலுங்கலில் பாட்டில்கள் மோதிக்கொண்டன.

"பெட்டிக்குள்ள கெடந்தா உடைஞ்சிரும்மா. ஆளுக்கு ஒண்ணு கையில கொடுங்க" என்றார் கண்டக்டர்.

கொடுத்தோம். எதிரே ஒரு வெற்றிலை வியாபாரி, கைக்குழந்தையை வாங்குவது போல வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். எங்களை ஒட்டி உட்கார்ந்திருந்த அம்மாவின் பெயர் சொர்ணம். வயல் வேலை செய்பவர், கள்ளிடைக்குறிச்சிக்காரர். அவர் கையில் ஒன்று.

சேரன்மகாதேவியில் பஸ் நின்றபோது மதினி "ஐயோ!" என்றாள். சொர்ணம் மூடியைக் கழற்றியிருந்தார்.

"உள்ள வேர்த்துக் கெடந்துச்சு தாயி. மூச்சு முட்டுமேன்னுதான் தெறந்தேன்."

பாட்டிலின் ஈரக்காற்றிலேயே வளர்ந்த இலைகளுக்கு வெளிக்காற்றைத் தாங்கத் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே துவண்டன. மதினி திட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

"எப்படியும் இன்னைக்குத் தெறக்கணும்தான்க்கா. கொஞ்சம் முந்திட்டு, அவ்வளவுதான்."

அவர் மனசு நோகக்கூடாதென்று சொல்கிறாள் என்பது சொர்ணத்துக்குப் புரிந்துவிட்டது. என்னிடம் தண்ணீர் வாங்கி முந்தானையை நனைத்து, பாட்டிலை மூடி, மார்போடு அணைத்துக்கொண்டார்.

கள்ளிடைக்குறிச்சி வந்தது. "யக்கா, ஒங்க ஊரு வந்துட்டு. எறங்கலியா?" என்றார் கண்டக்டர்.

"பிள்ளைய பாதியில விட்டுட்டு எறங்கவா? நீரு வண்டிய எடும்வே."

மற்ற பாட்டில்களையும் திரும்ப வாங்கிக்கொண்டு ஆழ்வார்குறிச்சியில் இறங்கியபோது சாரல் விழுந்துகொண்டிருந்தது. வேரில் ஒட்டிய கூழை மெதுவாகக் கழுவி, சித்தப்பா தோட்டத்துப் பந்தலடியில் மணல் கலந்த மண்ணில் மூவருமாக நட்டோம். ஒவ்வொன்றின் மேலும் மதினி பாலிதீன் பையைக் கவிழ்த்தாள்.

"இப்ப மூச்சு முட்டாதா தாயி?" என்று சொர்ணம் மெல்லக் கேட்டார்.

மதினி அன்று முதன்முறையாகச் சிரித்தாள். "கொஞ்ச நாளைக்கு முட்டட்டும்க்கா. அப்புறம் பையில ஓட்டை போட்டு வெளிக்காத்துக்குப் பழக்குவோம்."

நான் சென்னை திரும்ப வேண்டிய நாளில், காலையில் மறுபடி அங்கே போனோம். மற்ற கன்றுகள் பெரும்பாலும் நின்றிருந்தன. சொர்ணத்தின் பாட்டிலில் இருந்தவை கருகிப்போயிருந்தன, ஒன்றைத் தவிர. அதிலும் பழைய இலைகள் காய்ந்துவிட்டன. ஆனால் நுனியில், நடுவே வெள்ளைக் கோடோடு ஒரு புது இலை. பாட்டிலில் விட்டதல்ல, மண்ணில் விட்டது. மதினி குத்துக்காலிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏளா, போற வழியில எறங்கி அந்த அக்காகிட்ட சொல்லிட்டுப் போவமா?"

கள்ளிடைக்குறிச்சியில் விசாரித்து விசாரித்து, வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த சொர்ணத்தைக் கண்டுபிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. மதினி வரப்பிலிருந்தே கத்திச் சொன்னாள்.

"எம் பாட்டில்ல மத்ததெல்லாம்?" என்றார் சொர்ணம்.

"போயிட்டுக்கா."

சேற்றுக் கையிலிருந்த களையை வரப்பில் போட்டார். பிறகு, "ஒண்ணு நின்னுட்டுல்லா" என்று புறங்கையால் கண்ணைத் துடைத்தார். முகமெல்லாம் சேறு.

சந்திப்புக்கு நாங்கள் வந்தபோது ரயில் நகரத் தொடங்கியிருந்தது. ஓடி ஏறினேன். மதினி சன்னலோரம் மூச்சு வாங்கக் கூடவே வந்தாள்.

"அடுத்த வருசம் வா. நன்னாரி சர்பத் போட்டுத் தாரேன்."

"அந்தக் கொடியத் தோண்டியா மதினி?"

"ஐயய்யோ!" என்று நெஞ்சில் கை வைத்தாள். "கடையில வாங்கிளா, கடையில வாங்கி!"