புஷ்பவள்ளியின் அளவு ரவிக்கை

வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே தையற்கடைக்குள் நடக்கிறார் புஷ்பவள்ளி அக்கா. சுவரிலிருந்து கண்ணாடி, கண்ணாடியிலிருந்து சுவர். தையற்காரி கஸ்தூரி நாற்காலியை இழுத்துப் போட்டால், "இருக்கட்டும் லா, நாள் பூரா உக்காந்துதானே வேன் ஓட்டறேன்" என்கிறார். உண்மைக் காரணம் பக்கத்து வீட்டுக்காரியான எனக்குத் தெரியும். ஒரு கல்யாண வீட்டில் அவர் எழுந்தபோது கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியும் கூடவே எழுந்து வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் நேராகக் குசினிப் பக்கம் போய்க் கரண்டியைப் பிடித்துக்கொள்வார். என்ன உழைப்பு என்று சனங்கள் பாராட்டுவார்கள்.

மலேசியாவின் சிகாமட்டில் அவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. தினமும் ஒரு தோடு. கல் வைத்தது, குடை ஜிமிக்கி, வளையம் என்று மாறிக்கொண்டே இருக்கும். முகத்துக்குப் பவுடர், நெற்றியில் பொட்டு, உதட்டில் லேசான சிவப்பு. கழுத்துக்குக் கீழே மட்டும் ஏதோ உரக் கம்பெனி இலவசமாகக் கொடுத்த ஆண்கள் டீ-சட்டை. ஏன் அக்கா இப்படி என்று கேட்டதற்குச் சிரித்தார். "சன்னல்ல தெரியறது பாதி ஆளுதான். மீதி ஆளு எங்க இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

இப்போது மீதி ஆளும் வெளியே வரவேண்டியதாகிவிட்டது. தங்கை மகள் ரூபினிக்குக் கல்யாணம். தாயில்லாத பிள்ளை. அந்த வேனின் முன் சீட்டிலேயே வீட்டுப் பாடம் எழுதி, அங்கேயே தூங்கி, அங்கேயே வளர்ந்தவள். இப்போது சிங்கப்பூரில் வேலை. மாப்பிள்ளைக்கு ஊர் கோத்தா திங்கி, மண்டபமும் அங்கேதான். பெண் வீட்டுப் பெண்கள் எல்லாரும் மயில் பச்சையில் வரவேண்டும் என்று முடிவு செய்து, ஒரே மாதிரிச் சேலைகளை எடுத்து வந்தாள் ரூபினி. பெரியம்மாவுடையதை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள். "என்னைக் கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போறது நீங்கதான் பெரியம்மா. குசினிப் பக்கம் ஒதுங்குனீங்கன்னா, நான் அங்க வந்துதான் தாலி கட்டிக்குவேன்."

அக்காவுக்குத் தூக்கம் போனது அன்றைக்குத்தான். மண்டபம் எவ்வளவு நீளம், நடுவில் நடக்கிற பாதை எவ்வளவு அகலம், படம் பிடிப்பதைப் பெரிய திரையில் காட்டுவார்களா என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் விசாரித்தார். கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார்.

சேலைக்கு அளவு கிடையாது. வம்பெல்லாம் ரவிக்கையில்தான். அக்கா எந்தத் தையற்காரரையும் நாடா வைத்து அளக்க விட்டதில்லை. ஒரு ரோசாப்பூ நிற ரவிக்கை வைத்திருக்கிறார். ரூபினியின் சடங்குக்குத் தைத்தது. அதையே அளவுக்குக் கொடுத்து, "இதே மாதிரி" என்பார். பழைய தையற்காரர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்வார். பிறகு கண்ணாலேயே ஆளை அளந்து, வேண்டிய அளவுக்குப் பெரிதாகத் தைத்துக் கொடுப்பார். ரோசாப்பூ ரவிக்கைக்கும் புதியதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி இருவரும் வாயே திறந்ததில்லை. அந்த மனுசர் கடையை மூடிவிட்டு மகனோடு சிங்கப்பூர் போய்விட்டார். கஸ்தூரி புதிது. இதே மாதிரி என்றால் இதே மாதிரிதானே? அச்சு அசலாகத் தைத்து வைத்திருந்தாள். கை முழங்கைக்கு மேலே ஏறவில்லை.

சேலையோடு வந்த ரவிக்கைத் துணியும் போயிற்று. இன்னொரு சேலை கேட்கலாமே என்றேன். கேட்டால் ஏன் என்று ரூபினி கேட்பாளாம். வேறு ஏதாவது உடை மயில் பச்சையில் கிடைக்காதா என்று நேற்று ஜொகூர் பாருவுக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். முதல் கடையில் வாய் திறப்பதற்குள் ஒரு சின்னப் பெண் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, உங்க சைஸ் இல்ல" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா அவளிடம், காது தோடு பார்க்கத்தான் வந்தேன் என்று சமாளித்தார். அடுத்த கடையில் மலாய்ப் பெண்கள் போடும் நீளச் சட்டையும் பாவாடையுமான பாஜு கூரோங் போடச் சொன்னார்கள். அளவு சரியாக இருந்தது, நிறம்தான் மஞ்சள். மூன்றாவது கடையில் வலைத்துணியில் ஒரு நீள கவுன். போட்டுக்கொண்டு வெளியே வந்தவர், "கொசுவலை கட்டுன கட்டில் மாதிரி இருக்கேன்ல?" என்றார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கறுப்பு எடுங்கள், ஒல்லியாகத் தெரியும் என்று கடைக்காரம்மா ஆறுதல் சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. பெண்ணை மேடைக்குக் கூட்டிப் போகிறவள் கறுப்பிலா போவாள்?

திரும்பும்போது நான்தான் கார் ஓட்டினேன். நெடுஞ்சாலையில் பாதி தூரம் வந்ததும், கல்யாணத்துக்கு வர முடியாது போலிருக்கிறது, வேன் வேலை இருக்கிறது என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பள்ளி விடுமுறையில் வேனில் யாரை ஏற்றப் போகிறீர்கள், காற்றையா என்று கேட்டேன். பாலோ ஊருக்குப் போகும் வழிகாட்டிப் பலகை தாண்டும்வரை அவர் விரலில் வேன் சாவி சுழன்றுகொண்டே இருந்தது.

"எனக்குக் கூச்சம்லாம் பழகிப்போச்சும்மா" என்றார் பிறகு. "எல்லாரும் திரும்பிப் பாக்கறப்ப அந்தப் புள்ள மொகத்துல ஒரு நிமிசம், சின்னதா, கூச்சம் வந்துட்டா? அதப் பாத்துட்டு நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

அதனால்தான் இன்று காலை அவர் சம்மதத்தைக் கேட்காமல் வேனில் ஏறி உட்கார்ந்து, இந்தக் கடைக்கு விடச் சொன்னேன்.

கஸ்தூரி மயில் பச்சைச் சேலையை மேசைமேல் விரித்திருக்கிறாள். இடுப்பில் சொருகுகிற முனையிலிருந்து கொஞ்சம் துணி எடுக்கலாம், அதை வைத்துப் பக்கவாட்டிலும் கையிலும் ஒட்டுக் கொடுத்தால் வெளியே தெரியாது என்கிறாள். ஆனால் அதிகமாக வெட்டினால் கொசுவத்துக்குப் போதாது, குறைத்து வெட்டினால் ரவிக்கைக்குப் போதாது. அக்கா கைப்பைக்குள் கையை விடுகிறார். ரோசாப்பூ ரவிக்கை எட்டிப் பார்க்கிறது.

"அது வேணாம் ஆன்ட்டி" என்கிறாள் கஸ்தூரி. குரலில் கண்டிப்பு இல்லை. "அத நம்பித்தான் நான் ஒரு தடவ ஏமாந்தேன். நாடா வச்சா சரியா வெட்டிருவேன்."

அக்கா மறுபடி நடக்கிறார். கண்ணாடி வரை போய், தன்னைப் பார்க்காமல் திரும்புகிறார். வெளியே நிற்கும் வேனைப் பார்க்கிறார். இப்போது கிளம்பிவிடுவார் என்றுதான் நினைக்கிறேன். ரூபினி எப்போதோ முன் சீட்டுக் கண்ணாடியில் ஒட்டிய பூப்படம், வெயிலில் வெளுத்து, இங்கிருந்தே தெரிகிறது.

கஸ்தூரி கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்துக்கொண்டு காத்திருக்கிறாள்.

சாவி சுழல்வது நிற்கிறது. அதை என் உள்ளங்கையில் வைத்து அழுத்திவிட்டு, கண்ணாடிக்கு நேராகத் திரும்பி நின்று, புஷ்பவள்ளி அக்கா இரண்டு கைகளையும் அகலமாகத் தூக்குகிறார்.