நூற்றுக்கு ஐந்து என்று நான் கிழித்த கோடு

என் மனைவியின் சிறுநீரகங்கள் செயலிழந்ததில் எனக்குப் பங்கு உண்டு. நோய் என்னால் வரவில்லை. ஆனால் நான்கு மாதம் அவளை டாக்டரிடம் போகவிடாமல் நிறுத்தியவன் நான். அசட்டையாக இருந்து நிறுத்தவில்லை. கணக்குப் போட்டு நிறுத்தினேன். அரியலூரில் ஒரு கல்லூரியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் புள்ளியியல் நடத்தியவன் நான். இப்போது வயது எழுபத்து நான்கு. வீட்டில் இரத்த அழுத்தக் கருவியும் ஒரு நோட்டும் வைத்துக்கொண்டு வீட்டாருக்குத் தீர்ப்புச் சொல்கிற என்னைப் போன்றவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் அறிகுறி செருப்பில் தெரிந்தது. வரதராசன்பேட்டையில் மைத்துனி வீட்டுக்குப் போய்த் திரும்பிய அன்று, மனைவி மேரியின் பாதத்தில் செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருந்தது. எங்கள் ஊரான பெரம்பலூரில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டிலேயே அதைக் காட்டினாள்.

"என்னங்க, காலு கனக்குது. காலைல மூஞ்சியும் உப்பிக் கெடக்கு. ஒண்ணுக்குப் போனா நுரை நுரையா வருது. ஒரு எட்டு திருச்சிக்குப் போயி காட்டிட்டு வந்துடலாமா?"

"ரெண்டு மணி நேரம் பஸ்ஸுல காலைத் தொங்கப்போட்டா யாருக்கும் வீங்கும். பி.பி. ஏறியிருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

மற்றவர்களாக இருந்தால் கருவியைக் கையில் கட்டிப் பார்த்திருப்பார்கள். நான் நோட்டை எடுத்தேன். இரண்டு மாதமாகத் தினமும் காலையில் எடுத்த அளவுகள் அதில் இருந்தன. முதல் மாதத்தையும் இரண்டாம் மாதத்தையும் ஒப்பிட்டேன். இரண்டாம் மாதத்தின் சராசரி கூடியிருந்தது. உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்று பார்த்தேன். நூற்றுக்கு ஏழு என்று வந்தது.

நான் வைத்திருந்த கோடு நூற்றுக்கு ஐந்து. இதை மிகைகாண் மட்டம் என்போம் (மாற்றமே இல்லாதபோது 'மாற்றம் உண்டு' என்று தவறாகச் சொல்ல நாம் அனுமதிக்கும் அளவு). ஏழு, ஐந்தைவிடப் பெரியது; அதனால் அந்த வித்தியாசத்தைத் தற்செயல் என்று தள்ளினேன். "ஒண்ணும் மாற்றமில்ல மேரி, உப்பைக் கொறச்சுக்க" என்றேன்.

இதில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. 'மாற்றம் இருப்பதாகச் சொல்ல ஆதாரம் போதவில்லை' என்பதுதான் கணக்கு சொன்னது. 'மாற்றம் இல்லை' என்று அது சொல்லவே இல்லை. இந்த இரண்டையும் குழப்பி எழுதிய மாணவர்களுக்குச் சிவப்பு மையால் அடித்து அரை மதிப்பெண் குறைத்தவன் நான்.

இரண்டாவது தவறுதான் பெரியது. ஐந்து என்று எதற்கு வைத்தேன்? யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. வழக்கம், அவ்வளவுதான். இல்லாததை இருப்பதாகச் சொல்வது ஒரு பிழை. இருப்பதை இல்லை என்று விடுவது இன்னொரு பிழை. கையிலுள்ள அளவுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். எந்தப் பிழையால் எவ்வளவு சேதம் என்று எடைபோட்டுத்தான் கோட்டை எங்கே கிழிப்பது என்று முடிவுசெய்ய வேண்டும். பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கம் உண்டு. எங்கள் பக்கத்து சிமென்ட் மூட்டையை உதாரணம் காட்டி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "இது பரீட்சைக்கு வராது" என்று புரட்டிவிடுவேன்.

எடைபோட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஒன்றுமில்லாததற்குத் திருச்சிக்குப் போயிருந்தால் ஒரு நாள் அலைச்சல். நோய் இருந்தும் போகாமல் விட்டால் சிறுநீரகமே போய்விடும். இதற்கு நூற்றுக்கு இருபது, முப்பது என்றுகூடக் கோட்டைத் தளர்த்தியிருக்கலாம். காலும் முகமும் வீங்கியவளுக்குக் கணக்கே தேவையில்லை என்பது வேறு விஷயம். எழுதும்போதே எனக்கு எரிச்சல் வருகிறது.

நான்காம் மாதம் அவளால் மல்லாந்து படுக்க முடியவில்லை. நுரையீரலில் நீர் கோத்திருந்தது. திருச்சியில் பயாப்ஸி செய்தார்கள் (ஊசியால் உறுப்பின் சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பது). சிறுநீரக டாக்டர் எங்கள் மகளைவிடச் சின்னவர். என் நோட்டைப் புரட்டினார்.

"இவ்வளவு சுத்தமா எழுதியிருக்கீங்க சார். அப்பலேர்ந்தே ஏறிக்கிட்டுத்தானே இருக்கு?"

"ஏறல... அதாவது, அஞ்சு சதவீத மட்டத்துல..."

அவர் நோட்டை மூடினார். "ஒரு யூரின் டெஸ்ட் எடுத்திருக்கலாமே சார்."

வடிகட்டும் பகுதியில் பெரும்பங்கு தழும்பாகிவிட்டது என்றார். முன்பே வந்திருந்தால் மருந்தில் நிறுத்தியிருக்கலாமா என்று கேட்டேன். "முயற்சி பண்ணியிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல முடியாது" என்றார். அந்த நிச்சயமின்மை எனக்கு ஆறுதலாகவே இல்லை.

பெரம்பலூரிலேயே டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியாக இரத்தத்தைச் சுத்தம் செய்வது) ஆரம்பித்தார்கள். திங்களும் வியாழனும், தடவைக்கு நான்கு மணி நேரம். முதல் வாரம் முடிந்ததும் மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏழு, ஐந்து, கோடு எல்லாம்.

"எனக்கு அன்னிக்கே தெரியும், ஒடம்புல ஏதோ சரியில்லன்னு. வாத்தியாரு சொன்னா சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்" என்றாள். அழவில்லை. குடிக்க அனுமதித்த தண்ணீரை டம்ளரில் அளந்து ஊற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நான் மறுகோடிக்குப் போனேன். விரல் மரத்தது என்றால் ஆட்டோ, தலை வலித்தது என்றால் திருச்சி பஸ். டயாலிசிஸுக்கு இரத்தம் எடுப்பதற்காக அவள் கையில் இரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் வண்டு முரலுவது போன்ற அதிர்வு தெரியும். அதிர்வு குறைந்துவிட்டது என்று ஒரே மாதத்தில் மூன்று முறை அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். மூன்று முறையும் ஒன்றுமில்லை.

"சார் வந்துட்டாரு. இன்னிக்கு என்ன சந்தேகம் சார்?" என்று நர்ஸ் கேட்டார்.

"தும்முனா திருச்சி, இருமுனா திருச்சி. இவருக்குப் பயந்துக்கிட்டு தும்மக்கூட முடியலம்மா" என்றாள் மேரி.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் குரல் மாறியது. "அப்பவும் என் ஒடம்புக்கு நீங்களே முடிவு பண்ணீங்க. இப்பவும் நீங்களே பண்றீங்க. நடுவுல என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. முன்பு என் வழக்கத்துக்காகக் கோடு கிழித்தேன், இப்போது என் குற்ற உணர்ச்சிக்காக. இரண்டு முறையும் சேதத்தை அனுபவித்தவள் அவள்; எடைபோட்டவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்தேன். ஒன்றுமில்லாததற்குப் போனால் உனக்கு என்ன நஷ்டம்? நோய் இருந்தும் போகாவிட்டால் என்ன? என்னால் செய்ய முடிந்த பரிகாரம் அவ்வளவுதான். டாக்டரிடமும் கேட்டுக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினாள். வீணாகப் போகும் ஒரு நாளை நான் அலைச்சல் என்றிருந்தேன். 'மாசத்துல எனக்குன்னு மிஞ்சுற நாளே கொஞ்சம்' என்று அவள் எழுதியிருந்தாள். அதற்குக் கீழே அவளுடைய விதிகள். காய்ச்சல், மூச்சுத் திணறல், கையில் அதிர்வு குறைவது: உடனே போகணும். கால் வீக்கம்: அடுத்த டயாலிசிஸ் வரைக்கும் பொறுக்கலாம். கால்வலி, தலைவலி: பேசாம இருக்கணும். கடைசி வரி எனக்கு.

ஒரு சனிக்கிழமை கால் வீங்கியது. ஞாயிறன்று அவள் தங்கை பேத்திக்குப் புதுநன்மை (சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு). "பொறுக்கலாம்னுதான் எழுதியிருக்கு" என்று கிளம்பினாள். நானும் கூடப் போனேன். வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு நாள் நான்கு நாள் போல இருந்தது.

திங்களன்று உடம்பில் நீர் மிக அதிகமாக இருந்தது. அதை எடுக்கும்போது இரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு அலறிவிட்டாள். வீடு திரும்பியதும் தாளை எடுத்து 'பொறுக்கலாம்' என்பதை அடித்துவிட்டு, 'ஃபோன் பண்ணிக் கேக்கணும்' என்று எழுதினாள்.

"நான் அன்னிக்கே வற்புறுத்தியிருக்கணும்" என்றேன்.

"இது என் தப்பு. பேத்தி பூ வச்சுக்கிட்டு நின்னதைப் பாத்தேன்ல, அதுக்கு வந்த வலி. இதுல உங்க பேரை எழுதாதீங்க."

"அப்ப முதல் தப்புக்கு?"

"அதை அடுத்த திங்கக்கிழமை கேளுங்க. அன்னிக்கு நாலு மணி நேரம் சும்மாதான் படுத்திருப்பேன்."

எங்களுக்கு இப்போது வாரம் என்பது ஏழு நாளில்லை. வியாழன் வரை ஒரு மூன்று நாள், பிறகு திங்கள் வரை ஒரு நான்கு நாள். அந்த மூன்றும் நான்கும் கழிந்து திங்கட்கிழமை வந்தது. ஊசி ஏற்றியதும் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாளா, நான் அந்த முதல் தப்பைப் பற்றிக் கேட்பதை விரும்பவில்லையா என்று சோதித்துப் பார்க்கவில்லை. நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு, இயந்திரம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.