தட்டில் கொட்டி எண்ணிய மாத்திரைகள்

எச்.ஐ.வி மருந்து ஆராய்ச்சியில் நான் கழித்த வருடங்களில் பெரும்பகுதி மாத்திரை எண்ணுவதிலேயே போயிற்று. ஆவடியில் என் பக்கத்து ஃபிளாட்காரர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். நான் ஏதோ மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றுவதாக அவர்களுக்கு நினைப்பு.

அம்பத்தூரில் எங்கள் ஆய்வு கிளினிக். மாதம் ஒருமுறை வரும் நோயாளி மருந்து டப்பாவைக் கையோடு கொண்டுவர வேண்டும். மீதியைத் தட்டில் கொட்டி எண்ணுவோம். இருக்க வேண்டியதைவிட மூன்று அதிகம் இருந்தால், பெஞ்சில் காத்திருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி கவுன்சலர் அம்மா திட்டுவார். எங்கள் தலைவர், பெரிய டாக்டர், அதற்கு ‘ஊக்கப்படுத்துதல்’ என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் நோயாளிகளின் ஒழுங்கைப் பற்றி வெளிநாட்டு மாநாடுகளில் பேசிக் கைதட்டல் வாங்கி வருவார். அந்த பெஞ்சில் அவர் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை.

சேக்காட்டிலிருந்து ஒரு பெண் வருவாள். தொழிற்பேட்டைக் கம்பெனியில் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவள். அவள் டப்பாவில் ஒரு மாத்திரை கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ‘மாடல் பேஷண்ட்’ என்று பெரிய டாக்டர் பூரித்துப்போவார். அப்படிப்பட்டவளின் ரத்தத்தில் வைரஸ் ஏறிக்கொண்டே போனது.

“மருந்துக்கு அடங்காத வைரஸ்! தனிக் கட்டுரையே போடலாம்” என்று பெரிய டாக்டர் குதித்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் நாக்கில் எச்சில் ஊறியது. பரிசோதனை முடிவு வந்தது. எந்த மருந்துக்கும் அடங்கிவிடக்கூடிய சாதாரண வைரஸ்தான். மாத்திரை அவள் வயிற்றுக்குள் போகவே இல்லை, அவ்வளவுதான்.

அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன்.

“இன்னா மேடம் பண்றது? அத்த போட்டா மறுநாள் பூரா தல கிர்ருனு சுத்துது. சுத்திகினே மிசின்ல கைய வெச்சா கை போய்டும். லீவுக்கு மொத நாளு நைட்டு மட்டும் போடுவேன். இங்க வர்றதுக்கு முன்னாடி எண்ணிப் பாத்து, மிச்சத்த கொட்டிட்டு வருவேன்.”

“சொல்லியிருக்கலாமேம்மா?”

“எத்தினி மீதி கீதுன்னுதான கேட்டீங்கோ? தல சுத்துதான்னு யாருனா கேட்டீங்களா?”

எனக்குக் கோபம் வந்தது. பெரிய டாக்டர் மேல் வந்தது என்று எழுத ஆசைதான். அவள் மேல்தான் வந்தது. என் இத்தனை மாத உழைப்பைக் குப்பையில் கொட்டியிருக்கிறாளே என்று.

தலை சுற்றாத வேறு மாத்திரை எங்கள் அலமாரியிலேயே இருந்தது. ஆய்வு நடுவில் மருந்தை மாற்றினால் முடிவுகள் கெட்டுவிடும் என்பது விதி. மாத்திரையைக் கொட்டிவிட்டு வருகிறாள் என்பதை மட்டும் பெரிய டாக்டரிடம் சொன்னேன். “ஏமாத்துக்காரி. வெளியே அனுப்பிடுங்க. கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்கு லெட்டர் குடுத்துடுங்க” என்றார் பெரிய டாக்டர். காரணம் என்ற இடத்தில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாதவர். தலைசுற்றல், பிரஸ் மெஷின் என்று இன்னொரு வரி சேர்க்க அரை நிமிடம் ஆகியிருக்கும். அந்த வாரம் என் பதவி உயர்வு நேர்காணல். அவரோடு மல்லுக்கட்ட எனக்குத் துணிச்சல் வரவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து கவுன்சலர் அம்மா வந்து சொன்னார், அவள் டிபி வந்து செத்துப்போனாள் என்று.

“அங்கயும் அதே மாத்திரைதான் குடுத்தாங்களாம் மேடம். ஒழுங்கா சாப்பிட மாட்டான்னு லெட்டர்லயே போட்டிருக்குன்னு வேற ஒண்ணும் கேக்கலையாம்.”

பதவி உயர்வு எனக்குக் கிடைத்தது. பெரிய டாக்டர் சொன்னதைத்தானே எழுதினேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். சொல்லும்போதெல்லாம் அந்த ஆளைவிட நான்தான் மட்டமானவளாகத் தெரிகிறேன். அவருக்குக் காரணம் தெரியாது, அவர் கேட்கவே இல்லை. நான் கேட்டேன், அவளும் சொன்னாள்.