அந்தப் படத்தில் நான்தான் பிணம்

பத்து நிமிடக் குறும்படம்தான். ஆனால் அன்று காலையில் நாங்கள் குதித்த குதியைப் பார்த்திருந்தால், ஏதோ தீபாவளிக்கு வரப்போகிற பெரிய படம் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ஆர்.எஸ்.மங்கலத்துக்கு வெளியே, வயலை ஒட்டி, உரமூட்டை போட்டுவைக்கும் வீடு ஒன்று எங்களுக்கு உண்டு. அய்யாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாளைக்குச் சாவியை வாங்கியிருந்தேன். மூட்டைகளை ஓரங்கட்டி, சன்னல்களில் போர்வையைக் கட்டிப் பட்டப்பகலை இருட்டாக்கி, பலூன் ஊதி மாட்டினோம்.

கதை இதுதான். பிறந்தநாள் விருந்துக்குக் கூடிய நண்பர்களில் ஒருத்தி செத்துக் கிடக்கிறாள். கரண்ட் போய்விடுகிறது. போனில் டவரும் இல்லை. கொன்றது யார் என்று ஆளாளுக்கு அடித்துக்கொள்கிறார்கள். நடுவில் பிணத்தோடு செல்ஃபியும் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கிறவர்கள் பயப்படவும் வேண்டும், சிரிக்கவும் வேண்டும். எனக்குக் கொலைகாரியாக நடிக்கத்தான் ஆசை. எங்களோடு கல்லூரியில் படித்தவன்தான் டைரக்டர். “ஒனக்கு வாய் அடங்காது. பொணமா நடிச்சாத்தான் சரிப்படும்,” என்று முடித்துவிட்டான். கோபம் வந்தாலும் ஒத்துக்கொண்டேன். பிணமாக வந்தாலும் சினிமா சினிமாதானே.

மேக்கப் என் தோழி. அவளும் நானும் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டு திரிகிறவர்கள். ராமநாதபுரத்தில் இருவரும் சேர்ந்து கல்யாண மேக்கப் கடை போடுவதாகப் பேச்சு. அவள் இடம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். எனக்கோ கோயம்புத்தூரில் வேலை கிடைத்துவிட்டது, திங்கட்கிழமை போய்ச் சேர வேண்டும். அதை அவளிடம் நான் சொல்லவில்லை. இரண்டு வாரமாக நாளை நாளை என்று தள்ளிக்கொண்டே வந்தேன். பயம்தான், வேறென்ன. அன்றும் சொல்லாமல், அவள் ரோஸ்மில்க் சிரப்பில் குங்குமத்தைக் குழைத்து என் கழுத்தில் ரத்தம் பூசுவதற்கு வாகாகத் தலையைச் சாய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“அசையாத. ஒன்னய மாதிரி அழகான பொணத்த ஒரு பய பாத்திருக்க மாட்டான்,” என்று கன்னத்தைக் கிள்ளினாள்.

தரையில் படுத்த ஐந்தாவது நிமிடம் எறும்பு வந்துவிட்டது. இனிப்பு ரத்தத்துக்கு அது வராமல் என்ன செய்யும்? பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். அப்போது பார்த்து டைரக்டருக்குப் புது யோசனை உதித்தது.

“எழுதுன வசனம் வேணாம். இவ மேல நெசமாவே ஒங்களுக்கு என்ன கடுப்போ, அதுக்காகத்தான் கொன்னேன்னு சொல்லுங்க. யாரு நல்லாச் சொல்றீகளோ அவுகதான் கொலைகாரரு. ஏலே, மொதல்ல நீ சொல்லு.”

எனக்குக் குதூகலம் தாங்கவில்லை. நாம் செத்த காரணத்தை நாமே படுத்துக் கேட்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

முதலில் என் சித்தப்பா மகன். “அக்கா எம் பைக்க வாங்கிட்டுப் போயி, பெட்ரோலச் சுத்தமாத் தீத்துட்டுத்தான் கொண்டாந்து விடும். கேட்டதுக்கு வாட்ஸப் குரூப்புல இருந்து தூக்கிருச்சு. அதான் கொன்னேன்.”

சிரிப்பை அடக்கி எனக்கு வயிறு வலித்தது. அடுத்து தோழியின் முறை. தலைமாட்டில் அவள் குரல் கேட்டது.

“இவளுக்குக் கோயமுத்தூருல வேல கெடச்சிருக்கு. இவ அம்மா வாய் தவறிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். கடைக்கு என்ன பேரு வைக்கலாம்னு நேத்து இவகிட்டக் கேட்டேன். பக்கத்துல ஒக்காந்து இவளும் நாலு பேரு சொல்லுறா. அதான் கொன்னேன்.”

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

“சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“எப்ப?”

பொய் சொல்ல வரவில்லை. “பஸ்ஸு ஏறுன பெறவு. போன்ல.”

“பொணம் எதுக்கு எந்திரிக்குது?” என்று டைரக்டர் தலையில் அடித்துக்கொண்டான். அவள் என்னையே பார்த்தாள். அப்புறம் என் நெற்றியில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தள்ளினாள். “படு. செத்தவ பேசக்கூடாது.”

கழுத்தில் கலைந்த ரத்தத்தைச் சரிசெய்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள். மறுபடி எடுத்தோம். சித்தப்பா மகன் மறுபடி பைக் கதையைச் சொன்னான். அவள் முறை வந்தது.

“நான் எதுக்கு இவளக் கொல்லணும்? திங்கக்கெழம இவளே பஸ் ஏறிப் போயிருவா.”

டைரக்டர் கட் சொல்லிக் கைதட்டினான். இதுதான் படத்திலேயே நல்ல வசனம் என்றான். சித்தப்பா மகன் விழுந்து விழுந்து சிரித்தான். நான் மட்டும் கண்ணைத் திறக்காமல் அப்படியே கிடந்தேன். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.