மச்சம் எந்தப் பக்கம்

பென்சிலைச் சவர பிளேடால் சீவி, தூளை ஊதிவிட்டு, தோளில் கிடக்கும் துண்டை உருவி ஒரு உதறு உதறுகிறார் மூத்தவர். உதறித்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் கை ஓடாது. அப்புறம் தாளின் மேல்விளிம்பை இரண்டு விரலால் தொட்டுக் கொஞ்சம் சாய்க்கிறார். "இப்படியே இருங்க" என்கிறார் தாளிடம். காலமெல்லாம் அடுத்தவர் தலையைச் சாய்த்தே பிழைத்த மனிதர், தாளை மட்டும் சும்மா விடுவாரா?

சலூன்காரர். கடைக்கு வருகிறவர்கள் அவரை மூத்தவர் என்றும், கூடவே வேலை பார்த்த தம்பியை இளையவர் என்றும் சொல்லிப் பழகிவிட்டார்கள். வருஷத்துக்கு ஒரு முறை நாலைந்து நாள் மூத்தவர் வெளியூரில் ஒரு மாடி அறையை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுவார். படம் வரைவார், சோப்புக் கட்டியில் பொம்மை செதுக்குவார், யாரோடும் பேசமாட்டார். "நாள் பூரா ஊர்க்கதை கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல" என்பது அவர் கட்சி. மனைவி தடுப்பதில்லை. அந்த நாலு நாள் அவளுக்கும் விடுமுறைதான்.

நிம்மதி தேடிப் போகிற ஆள் அங்கே போய்ப் படுத்துகிற பாட்டைச் சொல்லி மாளாது. மேஜை ஆடுகிறதாம். வெளிச்சம் தப்பான பக்கத்திலிருந்து வருகிறதாம். குழாய் சொட்டினால் எரிச்சல், இறுக்கி மூடினால் அறை ரொம்ப அமைதியாக இருக்கிறது என்று எரிச்சல். கீழ்வீட்டம்மா டீ கொண்டுவந்து கதவைத் தட்டினால், "மனுஷனைச் சும்மா இருக்க விடமாட்டாங்களே" என்று முனகுவார். ஒரு வேளை டீ வராவிட்டால், "உள்ள ஒருத்தன் இருக்கானா போயிட்டானான்னு பாக்க நாதியில்ல" என்பார். இந்தத் தடவை சோப்பில் யானை செதுக்கினார். தும்பிக்கை உடைந்தது. அந்தக் கோபத்தில் யானையையே எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

வரைவதிலும் ஒரு கோணங்கித்தனம் உண்டு. முடி என்றால் அப்படியே உயிரோடு வந்து படியும். எந்தத் தலையில் சுழி எங்கே, எந்த இழை எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கும் எல்லாம் அத்துப்படி. முகம்தான் வராது. மூக்கு அமைந்தால் வாய் கெட்டுவிடும். இந்த வருஷம் அதிசயமாக ஒரு முகம் வந்தது. கை போன போக்கில் கோடு இழுத்துக்கொண்டே போனவர், கண்ணைத் தீட்டி முடித்துவிட்டுப் பார்த்தால், தம்பி. "உனக்கு வேற மூஞ்சியே கிடைக்கலையா?" என்று தன் கையையே திட்டினார்.

தம்பி கடையை விட்டுப் போய் மூன்று மாதம் ஆகிறது. அன்றைக்கு மூத்தவர் சும்மா நிற்கும்போதே பழைய வாடிக்கைக்காரர் ஒருவர், "பரவாயில்ல, இளையவர் முடிச்சுட்டு வரட்டும்" என்று பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டார். அவர் போனதும் மூத்தவர் தம்பியிடம், "ஆளையெல்லாம் உன் பக்கம் இழுத்துக்கிட்டுத் தனிக்கடை போடற உத்தேசமா?" என்று கேட்டுத் தொலைத்தார். இளையவர் சீப்பையும் கத்தரியையும் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கியவர்தான். இப்போது அடுத்த தெருவில் நிஜமாகவே தனிக்கடை. அவன் இல்லாமல் மூத்தவருக்குக் கடையில் நிற்கவே பிடிக்கவில்லை. அதை அவனிடம் சொன்னால் என்ன, கிரீடம் இறங்கிவிடுமா? மனைவியும் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். "வாயைத் திறந்து ரெண்டு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துடும்?" என்றால், "நான் ஏன் பேசணும்? மூத்தவன் யாரு?" என்பார்.

முகம் அமைந்துவிட்ட பெருமையில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. படத்தை போனில் பிடித்து மனைவிக்கு அனுப்பினார். உடனே கூப்பிட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா தம்பிக்கு மச்சம் இடது கன்னத்துலல்ல? நீங்க வலதுல போட்டிருக்கீங்க. வகிடும் மாறிப் போச்சு."

"இருபத்தஞ்சு வருஷம் பக்கத்துல நின்னவன் நான். எனக்குத் தெரியாதா?"

"நீங்க பக்கத்துல நின்னீங்க. நான் எதிர்ல நின்னு சாப்பாடு போட்டவ. இடதுதான்."

போனை வைத்துவிட்டுக் கண்ணை மூடிப் பார்த்தார். மச்சம் அவர் போட்ட இடத்திலேயே இருந்தது. எந்த வேலையையும் முடித்த கையோடு கண்ணாடியில் ஒரு தடவை சரிபார்ப்பது அவர் பழக்கம். படத்தைக் கொண்டுபோய்க் குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்தார். கண்ணாடிக்குள் மச்சம் இடது கன்னத்துக்குப் போயிருந்தது. வகிடும் மாறியிருந்தது. மனைவி சொன்ன தம்பி அதுதான். ஆனால் அந்த முகம் யாரோ ஒரு ஆள் முகமாக இருந்தது. வாய் லேசாகக் கோணியிருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் இவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுவார், அவ்வளவுதான்.

கட்டிலில் வந்து உட்கார்ந்தார். கடையில் இரண்டு பேரும் சுவர்க் கண்ணாடியைப் பார்த்தேதான் நின்றார்கள். பேச்சு, சிரிப்பு, வாடிக்கைக்காரர் தலைக்கு மேலே கண்ஜாடை, எல்லாம் அதற்குள்தான். வீட்டுக்கு வந்தால் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில். அந்தப் பாழாய்ப்போன கேள்வியைக்கூட இவர் கண்ணாடியைப் பார்த்துத்தான் கேட்டார். கூடப் பிறந்தவன் முகம் கண்ணாடி வழியாகத்தான் தெரியுமே தவிர, நேராகத் தெரியாது. "என்ன பிழைப்புடா இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டு நாள் பாக்கி இருக்கும்போதே அறையைக் காலி செய்தார். "அதுக்குள்ளயா?" என்று கேட்ட கீழ்வீட்டம்மாவிடம், "உங்க குழாய் சொட்டுது" என்று சிடுசிடுத்துவிட்டு பஸ் ஏறினார்.

நேரே தம்பி கடை. உள்ளே நாலு பேர் இருந்தார்கள். மூத்தவரும் ஐந்தாவது ஆளாக, மடியில் பையோடு காத்திருந்தார். இளையவர் பார்த்தும் பார்க்காத மாதிரி வேலை செய்தார். முறை வந்ததும் மூத்தவர் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். இளையவர் துணியைப் போர்த்திக் கழுத்தில் முடிச்சுப் போட்டார். கண்ணாடியைப் பார்த்து, "எப்படி வெட்டணும்?" என்று கேட்டார், வேற்று ஆளிடம் கேட்பது போல.

மூத்தவர் காலைத் தரையில் ஊன்றி உந்தினார். நாற்காலி அரைவட்டம் சுழன்று, கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்றது.

"இப்படித் திரும்பி உக்காந்தா நான் எப்படிண்ணே வெட்டறது?"

"வெட்டறது கிடக்கட்டும். கொஞ்ச நேரம் அசையாம நில்லுடா."

இளையவர் கத்தரியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, அசையாமல் நின்றார்.