கானியா துறைமுகத்துப் பள்ளிவாசல்

பம்பாய் மாட்டுங்காவில் கிரேக்க தேசத்தைப் பற்றி ஏதாவது தெரியவேண்டுமென்றால் பஞ்சாபகேசனைத்தான் கேட்க வேண்டும். யாரும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம். பாலக்காட்டிலிருந்து ரயிலில் வந்தவர் அவர். கடல்வழியாகச் செய்த ஒரே யாத்திரை எலிபெண்டா குகைக்கு. போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. ஆனால் கிரீட் என்கிற தீவில் எந்த ஊரிலிருந்து எந்த ஊர் எத்தனை மைல் என்பது, தன் மூன்று பெண்களின் ஜன்ம நட்சத்திரத்தைவிட அவருக்கு நன்றாக ஞாபகமிருந்தது.

எல்லாம் உத்தியோகம் பண்ணின வேலை. கோட்டைப் பகுதியில் ஒரு பிரயாண ஏஜென்ஸியில் அவர் டைப்பிஸ்ட். சீமைக்குக் கப்பலேறும் துரைமார்கள் வழியில் இறங்கிப் பார்க்கத் தகுந்த இடங்களைப் பற்றி அந்த ஆபீஸ் நாலு பக்கத்தில் சிறு புத்தகங்கள் போட்டு இனாமாகக் கொடுத்துவந்தது. லண்டனிலிருந்து வரும் தடிப் புத்தகங்களைப் பிழிந்து நாலு பக்கமாக்குவது பஞ்சாபகேசன் பொறுப்பு. அதற்கு மானேஜர் துரை ஒரே ஒரு விதிதான் வைத்திருந்தார்: சந்தோஷமில்லாத சங்கதி எதுவும் அச்சேறக் கூடாது. பூகம்பம், கலகம், காலரா, கொசு எல்லாவற்றுக்கும் சிவப்புப் பென்சில். துக்கப்படுவதற்கு எவனும் டிக்கெட் வாங்கமாட்டான் என்பது துரையின் கட்சி. அதில் தப்பும் சொல்வதற்கில்லை.

முப்பத்தெட்டாம் வருஷம் அப்படித்தான் கிரீட் தீவின் ஊர்களும் கிராமங்களும் பஞ்சாபகேசன் கைக்கு வந்து சேர்ந்தன. கானியா: வளைந்த துறைமுகம், கலங்கரை விளக்கம், தண்ணீர்க் கரையிலேயே உருண்டைக் கூரையோடு ஒரு பழைய பள்ளிவாசல். ஸ்பீலி: வரிசையாகக் கல் சிங்கங்கள், ஒவ்வொன்றின் வாயிலிருந்தும் ஊற்றுத் தண்ணீர். அனோயா: மலை உச்சியில், வீட்டுக்கு ஒரு தறி. லூத்ரோ: சாலையே கிடையாது, படகில்தான் போகவேண்டும். ஜனங்கள் எல்லா ஊரிலும் உபசாரத்துக்குப் பேர்போனவர்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் எல்லாத் தீவுகளுக்கும் பொதுவாக வைத்திருந்தார்.

யுத்தம் வந்தது. துரைமார்கள் உல்லாசமாகக் கப்பலேறுவது நின்றது. புத்தகங்கள் எடைக்குப் போயின. ஒருநாள் அவர் சம்சாரம் வாலாம்பாள் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏன்னா, உங்க ஊர் வந்திருக்கு பாருங்கோ. எண்ணெய்க் கறையோட."

நாற்பத்தொன்று ஜூன் மாசத்தில் ஆபீஸுக்கு முகம்மது ஹனீப் வந்தான். காயல்பட்டணத்துக்காரன், தாராவியில் தோல் பட்டறை வைத்து, ஆபீஸுக்குப் பெட்டி வார் தைத்துக் கொடுப்பவன். அன்றைக்கு வார் கொண்டுவரவில்லை. கையில் ஒரு காகிதம்.

"சாமி, கிரீட்டுன்னு ஒரு ஊரு உங்களுக்கு அத்துபடியாமே?"

"ஊர் இல்லேப்பா, தீவு. நூத்தறுபது மைல் நீளம்."

"அங்கதான் எங்க மச்சான் போனாரு."

ஹனீபின் தங்கை ஆபிதாவின் புருஷன் ஷேக் பரீத், சரக்குக் கப்பலில் எஞ்சினுக்குக் கரி வாரிப் போடுகிறவன். கப்பல் கம்பெனியின் காகிதத்தில் மூன்று வரிதான் இருந்தது. கானியாவுக்குப் பக்கத்து வளைகுடாவில் கப்பல் குண்டு விழுந்து எரிந்தது. மீட்கப்பட்டோர் பட்டியலில் அவன் பெயர் இல்லை. மேற்கொண்டு தகவல் இல்லை.

"தங்கச்சி ஒரு வாய் சோறு திங்க மாட்டேங்கா. அந்த ஊரு எப்படின்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க சாமி. தெரிஞ்சவுக சொன்னா ஆறுதலா இருக்கும்."

தெரிஞ்சவுக! பத்தொன்பது வருஷ சர்வீஸில் அவரை அப்படி யாரும் அழைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையைத் தாண்டி, தோல் ஊறும் தொட்டிகளின் நாற்றத்துக்கு அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பஞ்சாபகேசன் தாராவிக்குப் போனார். பட்டறை வாசலில் பலகை போட்டிருந்தார்கள். உள்ளே சாக்குத் திரை. திரைக்குப் பின்னால் ஆபிதா. அவள் முகத்தை அவர் அன்றும் பார்க்கவில்லை, பிறகும் பார்க்கவில்லை.

"அந்த ஊருல நம்ம ஆளுவ யாராச்சும் இருக்காகளா சாமி?" என்றது குரல்.

'தெரியாதம்மா' என்று சொல்லியிருக்கலாம். குமாஸ்தா ஜாதிக்கு அந்த வார்த்தை வருவதில்லை.

"துறைமுகத்துலேயே பள்ளிவாசல் இருக்கும்மா. உருண்டைக் கூரை. கப்பல் எரிஞ்ச எடத்துலேருந்து நாலே மைல். கரையேறினவன் கண்ணுல மொதல்ல அதுதான் படும்."

 "அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் ஆபிதா. "பள்ளிவாசல்னா ஆளிருக்கும். ஆளிருந்தா கஞ்சி ஊத்தியிருப்பாக." அன்றைக்குச் சாப்பிட்டாள் என்று ஹனீப் மறுநாள் சொல்லியனுப்பினான்.

திரும்பி வரும்போது, லெவல் கிராஸிங்கில் கூட்ஸ் வண்டி போவதற்காக நின்றபோதுதான், பஞ்சாபகேசனுக்கு மூலப் புத்தகத்தின் அடுத்த வரி ஞாபகம் வந்தது. தீவின் முஸ்லிம்கள் அனைவரும் இருபத்துமூன்றாம் வருஷம் துருக்கிக்கு அனுப்பப்பட்டுவிட்டனர்; பள்ளிவாசலில் இப்போது தொழுகை நடப்பதில்லை. அதன்மேல் சிவப்புப் பென்சில் ஓட்டியது அவரேதான். சந்தோஷமில்லாத சங்கதி.

அடுத்த ஞாயிறு சொல்லிவிடலாம் என்று தீர்மானித்தார். அடுத்த ஞாயிறு அவள் வேறு கேள்வி வைத்திருந்தாள்: ஜெர்மன்காரன் ஊருக்குள் வந்துவிட்டானாமே, பள்ளிவாசல் இமாம் அவள் புருஷனை எங்கே அனுப்பியிருப்பார்? பஞ்சாபகேசன் யோசித்து, மலைப்பக்கம் என்றார். பிறகு நிறுத்த முடியவில்லை. ஷேக் பரீத் வாராவாரம் நடந்தான். ஸ்பீலியில் சிங்கத்தின் வாய்த் தண்ணீரில் கரிக் கையைக் கழுவினான். அனோயாவில் ஒரு கிழவி அவனுக்குக் கம்பளி கொடுத்தாள். எந்த ஊரிலும் அவனுக்கு மழையில்லை, காய்ச்சல் இல்லை. சொல்லச் சொல்லப் பஞ்சாபகேசனுக்கே அவன்மேல் கொஞ்சம் பொறாமை வந்தது.

"கிரீஸுக்கு வழி தெரியறது, மளிகைக் கடைக்கு வழி தெரியலியே உங்களுக்கு" என்று வாலாம்பாள் வெந்நீர் வாளியை நகர்த்துவாள். தாராவி போய்வந்தால் குளிக்காமல் உள்ளே விடுவதில்லை.

நாற்பத்திரண்டில் ஆபிதா இமாமுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னாள். உள்ளே வைக்கும் கடிதத்தை மார்க்கம் படித்த ஆலிம் ஒருவர் அரபியில் எழுதினார். உறைமேல் விலாசம் பஞ்சாபகேசன் டைப் அடித்தார்: இமாம் அவர்கள், துறைமுகத்துப் பள்ளிவாசல், கானியா, கிரீட். அனுப்புநர் விலாசத்துக்குத் தன் ஆபீஸைப் போட்டார். எதிரி பிடித்த ஊருக்குத் தபால் கிடையாது என்பது அவருக்குத் தெரியும். ஒன்பதாம் நாள் அது முத்திரை குத்திக்கொண்டு திரும்பி வந்தது. மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

நாற்பத்து மூன்றில் ஒருநாள் ஹனீப் மறுபடி ஆபீஸ் வாசலில் நின்றான்.

"சாமி, ரெண்டு வருசமாச்சு. ஊருல அவரோட உம்மாவே, செத்தவுகளுக்கு ஓதுற பாத்திஹா ஓதிட்டாக. புருசன் போயிட்டா பொஞ்சாதி வீட்டோட இருக்கணும் சாமி, இத்தான்னு; இவ அந்த இத்தா இருக்க மாட்டேங்கா. இமாம் காயிதம் வரட்டுங்கா. ஒரு நல்ல எடத்துலருந்து கேட்டு வந்தாக, எம் புருசன் மலையில இருக்காருன்னு சொல்லி அனுப்பிட்டா. மச்சான் மவுத்தாயிட்டாருன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் சொன்னா எடுபடாது."

"எனக்கு எப்படிப்பா தெரியும்? நான் என்னத்தைக் கண்டேன்?"

ஹனீப் அவரை ஏறிட்டுப் பார்த்தான். "இம்புட்டு நாளும் தெரிஞ்சுதே?"

அந்த ஞாயிற்றுக்கிழமை பஞ்சாபகேசன் மூக்கைப் பொத்திக்கொள்ளாமல் போனார். இழுப்பறையில் பூட்டியிருந்த கடிதத்தைத் திரைக்கு அடியில் தள்ளினார். ஆபிதா அதை எடுத்த ஓசை கேட்டது.

"இது நான் போட்ட காயிதமில்லா? அங்க போயிட்டா வந்திருக்கு?"

போய்விட்டு வந்தது என்று சொல்ல நாக்கு தயாராக இருந்தது. இமாம் இடம் மாறிப் போனார் என்றுகூடச் சேர்த்திருக்கலாம். அவர் எந்த ஊருக்குப் போனார் என்பதுகூட உடனே மனசில் வந்துவிட்டது.

"இல்லேம்மா. பம்பாயையே தாண்டலை." பிறகு, மூச்சு விடாமல், "அங்கே இமாம் கிடையாது. அந்தப் பள்ளிவாசல்ல யாருமே இல்லே. இருபது வருஷமா பூட்டிக் கெடக்கு."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொதல் நாள்லேருந்து."

"சிங்கத் தண்ணி?"

"தண்ணி இருக்கு. அவர் அங்கே போனாரான்னு தெரியாது. நான் எதையும் பார்த்ததில்லேம்மா."

அழுகை வருமென்று காத்திருந்தார். வரவில்லை. 

"அப்போ," என்றாள் ஆபிதா மெதுவாக, "அவுகளை யாரு குளிப்பாட்டியிருப்பா?"

உபசாரத்துக்குப் பேர்போன ஜனங்களை நூற்றறுபது மைல் நீளத்துக்கு நிரப்பி வைத்திருந்தவரிடம், ஒரு மையித்தை, அடக்கத்துக்கு முன்னால் ஒரு பிரேதத்தை, குளிப்பாட்ட ஆள் இல்லை. எழுந்துகொண்டார். திரைக்குப் பின்னால் ஆபிதா மதினியைக் கூப்பிட்டு, வெள்ளைச் சீலை ஒன்று எடுத்துத் தரச் சொன்னது காதில் விழுந்தது.

ஹனீப் தெருமுனைவரை கூடவே வந்தான். கோபமாக இருந்ததாகத் தெரியவில்லை. வேலை முடிந்தவனைப்போல இருந்தான்.

"இன்னையிலருந்து இத்தா, சாமி. நாலு மாசம் பத்து நாளு. வேத்து ஆம்பளையோட பேச்சு வச்சுக்கிடக் கூடாது. ஞாயித்துக்கிழமை நீங்க வர வேண்டாம்."

"சரிப்பா. அது முடிஞ்சப்பறம் வரேன்."

"அதுக்கப்பறம் என்னத்துக்கு சாமி?" என்று கேட்டுவிட்டு ஹனீப் பட்டறைக்குத் திரும்பினான்.